நுரையீரலில் நீர் கோத்தால் தகவல் சொல்லும் நரம்பு
கண்டறிந்தவர் ஓர் இந்திய டாக்டர்

காட்டாக்கடை, வெள்ளறடை, பாறசாலை வட்டாரத்தில் ஏற்றமும் இறக்கமும் இல்லாத சாலை அபூர்வம். சிமெண்ட் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டு வீட்டுக்குப் படியேறும் தொழிலாளிக்கும், நெய்யாற்றின்கரை பஸ்ஸைப் பிடிக்க ஓடும் குமாஸ்தாவுக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும். சற்று நின்றால் அது தணிந்துவிடும். இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் வேறு விதமான மூச்சுத் திணறல் ஒன்று உண்டு. போன மாதம் வரை ஒரே மூச்சில் சுமந்த பாரத்தை இப்போது பாதி வழியில் இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. கால்கள் சொன்னபடி கேட்பதில்லை. இரவில் தலையணையில் தலை சாய்த்தால் மூச்சு முட்டுகிறது. எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தேவலை. இதற்கு வீட்டில் உள்ளவர்கள் "வாயுத் தொல்லை" என்று பெயர் வைக்கிறார்கள். மேஸ்திரி "சோம்பல்" என்கிறார். மருந்துக் கடையில் "இழுப்பு" என்று சொல்லி மாத்திரை கொடுக்கிறார்கள்.

இந்த மூன்றும் தவறாக இருக்கலாம். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது என்பதை உடம்பு தெரிவிக்கும் அறிகுறியாக அது இருக்கக்கூடும். அந்த நீரை உணர்வதற்கென்றே நுரையீரலுக்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னவர் வெளிநாட்டார் அல்ல. ஓர் இந்திய டாக்டர். அவர் பெயர் அவ்தார் சிங் பைந்தால்.

காற்றும் ரத்தமும் சந்திக்கும் இடம்

நம் நுரையீரல்கள் இரண்டும் வெறும் பைகள் அல்ல. அவற்றுக்குள் 30 கோடிக்கும் அதிகமான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. ஒவ்வொரு காற்றறையையும் மயிரினும் மெல்லிய ரத்தக் குழாய்கள் வலைபோலச் சுற்றியிருக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லியது. இந்தச் சுவரைக் கடந்துதான் பிராணவாயு ரத்தத்துக்குள் போகிறது. கரியமில வாயு வெளியே வருகிறது.

உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதும் இந்த வலையின் வழியாகப் போயாக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இதைக் கடக்கிறது. அப்படிக் கடக்கும்போது சிறிதளவு நீர் குழாயிலிருந்து கசிவது இயற்கை. கசியும் நீரை நிணநீர்க் குழாய்கள் உடனுக்குடன் வாரிக்கொண்டு போய்விடுகின்றன. வயலில் வாய்க்கால் சரியாக இருந்தால் மழைத் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடுவது போலத்தான்.

தொல்லை எப்போது வருகிறது? இதயம் பலவீனமாகி, நுரையீரலிலிருந்து வரும் ரத்தத்தை முன்னே தள்ள முடியாமல் போகும்போது, அந்த நுண்குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. வடிகிற நீரைவிடக் கசிகிற நீர் அதிகமாகிறது. முதலில் அது குழாய்க்கும் காற்றறைக்கும் இடையே உள்ள சந்தில் தேங்குகிறது. அதையும் கண்டுகொள்ளாமல் விட்டால் காற்றறைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. அதன் பிறகு நடப்பது உயிர்ப் போராட்டம்.

ஆகவே நீர் சந்தில் இருக்கும்போதே தகவல் கிடைத்தால் உயிருக்கு நல்லது. அந்தத் தகவலைச் சொல்வது யார் என்பதுதான் கேள்வி.

முதலில் தெரிந்த காவலர்

நுரையீரலிலிருந்து மூளைக்கு நரம்புச் செய்தி போகிறது என்பது 1868-ம் ஆண்டிலேயே தெரிய வந்தது. வியன்னாவில் ஹெரிங், பிராயர் என்ற இரு விஞ்ஞானிகள் அதைக் காட்டினார்கள். நுரையீரல் காற்றால் நன்றாக விரிந்ததும், "போதும், இனி இழுக்க வேண்டாம்" என்று ஒரு செய்தி கழுத்து வழியாக ஓடும் 'வேகஸ்' நரம்பின் மூலம் மூளைக்குப் போகிறது, மூச்சிழுப்பு நிற்கிறது. அந்த நரம்பை வெட்டிவிட்டால் பிராணியின் மூச்சு நீண்டு மெதுவாகிவிடுகிறது.

விரிவை அளக்கும் காவலர் இருக்கிறார் என்பது இப்படித் தெரிந்தது. பின்னர், 1930-களில், இங்கிலாந்தின் எட்கார் ஏட்ரியன் அந்தச் செய்திகளை மின் கருவியில் பதிவு செய்து காட்டினார். ஆனால் வேகஸ் நரம்பில் பல்லாயிரம் இழைகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உறையில்லாத, மிக மெல்லிய இழைகள். அவை என்ன சொல்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அத்தனை மெல்லிய இழையில் ஓடும் செய்தியைப் பிரித்துக் கேட்கும் வித்தை அன்று இல்லை.

மோகோக்கில் பிறந்தவர்

பைந்தால் 1925 செப்டம்பர் 24-ந் தேதி பர்மாவில் மோகோக் என்ற ஊரில் பிறந்தார். மாணிக்கக் கல் வெட்டி எடுப்பதற்குப் பெயர் போன ஊர் அது. லக்னோவில் கிங் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ராக்பெல்லர் உதவித்தொகையில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார்.

அவருடைய கைவண்ணம் நரம்பைப் பிரிப்பதில் இருந்தது. மயக்கத்தில் இருக்கும் பூனையின் கழுத்தில் வேகஸ் நரம்பைத் திறந்து, நூலைப் பிரிப்பது போல இழை இழையாகப் பிரித்து, கடைசியில் ஒரே ஒரு இழையின் செய்தி மட்டும் கருவியில் கேட்கும்படி செய்தார். சந்தைக் கூட்டத்தில் ஆயிரம் பேர் கத்தும்போது ஒருவர் குரலை மட்டும் பிரித்துக் கேட்பது எவ்வளவு கடினம்! அந்தக் கடினம்தான் இதிலும். இந்த முறையால் இதயத்தின் மேலறைகளில் உள்ள உணர்முனைகளையும், வயிற்றில் உள்ள உணர்முனைகளையும் பற்றி 1950-களின் தொடக்கத்திலேயே அவர் எழுதினார்.

1955-ல் நுரையீரல் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதுவரை யாரும் அறியாத ஒரு வகை உணர்முனை அதில் விவரிக்கப்பட்டது. சாதாரண மூச்சின்போது அது ஏறக்குறைய மௌனமாக இருக்கும். சில ரசாயனங்களை ரத்தத்தில் செலுத்தினால் உடனே துடிக்கும். உருளைக்கிழங்கு மாவைக்கூட அவர் இதற்குப் பயன்படுத்தினார். அந்த மாவுத் துகள்கள் நுரையீரலின் சிறு ரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும்போதும் இந்த முனைகள் கிளர்ச்சி பெற்றன. அவை அனுப்பும் செய்தி விரைவு ரயில் அல்ல. விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் போகும் கால்நடைத் தபால். உறையற்ற இழைகளின் இயல்பு அது.

பெயர் ஏன் மாறியது?

இந்த முனைகளுக்கு அவர் முதலில் வைத்த பெயர் வேறு. நுரையீரலிலிருந்து காற்றை வலிந்து வெளியே உறிஞ்சிச் சுருக்கினால் அவை துடித்தன. ஆகவே 'சுருக்கம் உணரும் முனைகள்' என்ற பொருளில் பெயரிட்டார். ஆனால் யோசித்துப் பார்த்தால், அப்படிப்பட்ட கடுமையான சுருக்கம் அன்றாட வாழ்வில் யாருக்கு வருகிறது? இயற்கை காரணமில்லாமல் ஒரு காவலரை நியமிக்குமா?

இந்தக் கேள்வியை அவர் விடவில்லை. முதலில் அந்த முனைகள் எங்கே உள்ளன என்று பார்த்தார். இதயத்தின் வலப்பக்கத்தில் மருந்தைச் செலுத்தினால், ரத்தம் நுரையீரலை அடைந்ததுமே, ஓரிரு விநாடிகளில், முனைகள் துடித்தன. மயக்க மருந்தின் ஆவியைக் காற்று வழியாக நுரையீரலுக்குள் செலுத்தினாலும் உடனே துடித்தன. ரத்த வழியாகவும் எளிதில் எட்டுகிறது, காற்று வழியாகவும் எளிதில் எட்டுகிறது என்றால் அந்த இடம் எதுவாக இருக்க முடியும்? ரத்த நுண்குழாய்க்கும் காற்றறைக்கும் இடைப்பட்ட சந்துதான்.

நீர் முதலில் தேங்குவதும் அதே சந்தில்தான் என்பதை வாசகர்கள் நினைவுகூர வேண்டும். 1969-ல் வெளியிட்ட கட்டுரையில் பைந்தால் அதை நிலைநாட்டினார். நுரையீரலில் ரத்தம் தேங்கி, நீர் கசிந்து, சந்து வீங்கும்போது இந்த முனைகள் துடிக்கின்றன. அதுதான் அவற்றின் இயற்கையான வேலை. நுண்குழாய்க்குப் பக்கத்தில் உள்ளவை என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லின் முதல் எழுத்தைக் கொண்டு 'ஜே' உணர்முனைகள் என்று பழைய பெயரை மாற்றினார். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இந்தப் பெயரில்தான் படிக்கிறார்கள்.

பைந்தால் 1964 முதல் 1990 வரை டில்லியில் வல்லபபாய் படேல் நெஞ்சுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தார். 1981-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். உடலியல் துறையில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1986-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டு முதல் 1991 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். 2004 டிசம்பர் 21-ந் தேதி காலமானார்.

மணி அடித்தால் என்ன நடக்கும்?

ஆய்வுக்கூடத்தில் 'ஜே' முனைகளைத் தூண்டினால் பூனைக்கு நான்கு விஷயங்கள் நடக்கின்றன. முதலில் மூச்சு சில கணம் நின்றுபோகிறது. பிறகு வேகமாகவும் மேலோட்டமாகவும் மூச்சு விடத் தொடங்குகிறது. இதயத் துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தம் இறங்குகிறது. நான்காவதுதான் வியப்பானது: கால் தசைகள் தளர்கின்றன.

தசைகள் தளர்வதற்கு நரம்பு வழியான காரணத்தை 1970-ல் தேஷ்பாண்டே, தேவானந்தன் என்ற இரு விஞ்ஞானிகள் விளக்கினார்கள். தேவானந்தன் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் ஆய்வுகள் நடத்தியவர். நுரையீரலிலிருந்து வரும் இந்தச் செய்தி, தசைகளை இயக்கும் முதுகுத்தண்டு நரம்புகளை அடக்கிவைக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

இதிலிருந்து பைந்தால் ஒரு கருத்தை முன்வைத்தார். கடுமையாக உழைக்கும்போது நுரையீரலில் ரத்த ஓட்டமும் அழுத்தமும் ஏறுகின்றன. சந்தில் நீர் கூடத் தொடங்குகிறது. 'ஜே' முனைகள் மணி அடிக்கின்றன. மூச்சு மேல்மூச்சாகிறது; கால்கள் தளர்கின்றன; மனிதன் தானாகவே நின்றுவிடுகிறான். நின்றதும் அழுத்தம் குறைகிறது, நீர் வடிகிறது. அதாவது, களைப்பு என்பது நுரையீரலைக் காப்பாற்ற உடம்பு போடும் பிரேக்.

மனிதரிடம் சோதித்தபோது

பூனைக்கு நடப்பது மனிதனுக்கும் நடக்குமா? பைந்தாலும் அவருடன் பணிபுரிந்தவர்களும் தாமாக முன்வந்தவர்களுக்கு லோபிலின் என்ற மருந்தை ரத்தத்தில் சிறிதளவு செலுத்திப் பார்த்தார்கள். 1995-ல் அதன் முடிவு வெளிவந்தது. தொண்டையிலும் மேல் மார்பிலும் நெருக்குவது போன்ற உணர்வு, எரிச்சல், அடக்க முடியாத இருமல் ஆகியவை ஏற்பட்டன. நுரையீரல் நரம்புகளுக்கும் திணறல் உணர்வுக்கும் மனிதரிடமும் தொடர்பு உண்டு என்பதற்கு இது சான்று.

ஆனால் தசை தளரும் விஷயத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. 1998-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதே மருந்தைக் கொண்டு சோதித்து, மனிதருடைய கைகால் தசைகள் அப்படி அடங்கவில்லை என்று எழுதினார்கள். மூச்சுத் திணறல் என்பது ஒரே நரம்பின் வேலை அல்ல என்பதும் இன்று தெளிவு. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவது, பிராணவாயு குறைவது, மார்புத் தசைகள் படும் பாடு, மனக்கலக்கம் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அந்த உணர்வை உண்டாக்குகின்றன. 'ஜே' முனைகள் அந்தக் கூட்டத்தில் ஒரு முக்கியமான சாட்சி.

பனிமலையில் நம் ஜவான்கள்

இந்த நீர்த் தொல்லை நம் நாட்டில் மிகப் பெரிய அளவில் தெரிய வந்தது இமயமலையில்தான். 1962 சீனப் போரின்போதும் அதன் பிறகும், சமவெளியில் இருந்த ராணுவ வீரர்கள் விமானத்தில் நேராக லடாக் பனிமலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இரண்டு மூன்று நாட்களில் திடகாத்திரமான வாலிபர்கள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். நிமோனியா என்று பலர் நினைத்தனர். அது நிமோனியா அல்ல, நுரையீரலில் நீர்.

உயரத்தில் பிராணவாயு குறைவதால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அழுத்தம் ஏறுகிறது. மெல்லிய சுவர் கசிகிறது. இதயம் நன்றாக இருந்தாலும் இது நடக்கும். லே நகரத்தில் பணியாற்றிய மேனன் என்ற ராணுவ டாக்டர் இப்படிப்பட்ட 101 நோயாளிகளைப் பற்றி 1965-ல் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார். அதே ஆண்டு இந்தர் சிங் என்ற ராணுவ டாக்டரும் அவருடைய குழுவினரும் 332 நோயாளிகளின் விவரத்தை லண்டன் இதழில் வெளியிட்டனர். பிராணவாயு கொடுப்பதும், தாமதமின்றிக் கீழே இறக்குவதுமே உயிர் காக்கும் வழிகள் என்பது உறுதியாயிற்று.

அந்தப் பாடத்தின் பயனாகத்தான் இன்று ராணுவம் வீரர்களைப் படிப்படியாக மேலே கொண்டுபோகிறது. 9,000 அடி முதல் 12,000 அடி வரை 6 நாட்கள், அதற்கு மேல் 15,000 அடி வரை 4 நாட்கள், அதற்கும் மேலே போக இன்னும் 4 நாட்கள் என்று பழக்குகிறார்கள்.

நம் பக்கத்து அகஸ்தியகூடம் 1,868 மீட்டர் உயரம். பனிமலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் வரும். ஆகவே போணக்காடு வழியாக அகஸ்தியகூடம் ஏறும்போது மூச்சு முட்டி நெஞ்சில் நீர் கோக்கிறது என்றால், மலையைக் குறை சொல்லக்கூடாது. இதயத்தைச் சோதிக்க வேண்டும். ஆனால் கேதார்நாத், அமர்நாத் யாத்திரை வேறு. இரண்டும் 3,500 மீட்டருக்கு மேல். சமவெளியிலிருந்து புறப்பட்டு மறுநாளே அங்கே போய் இறங்குகிறவர்கள் ஜவான்களின் பாடத்தை மறக்கலாகாது. வறட்டு இருமலும், நடக்க முடியாத தளர்ச்சியும் தொடங்கினால் தரிசனம் காத்திருக்கும். உடனே கீழே இறங்குவதே விவேகம்.

படுத்தால் ஏன் முட்டுகிறது?

சமவெளிக்குத் திரும்புவோம். இங்கே நுரையீரலில் நீர் கோப்பதற்குப் பெரிய காரணம் இதய பலவீனம். பழைய மாரடைப்பு, பல வருஷமாகக் கவனிக்காத ரத்த அழுத்தம், வால்வுக் கோளாறு ஆகியவற்றால் அது வருகிறது. சிறுநீரகக் கோளாறாலும் நீர் தேங்கலாம்.

பகலில் நிற்கும்போதும் நடக்கும்போதும் தேவைக்கு மிஞ்சிய நீர் கால்களில் தங்குகிறது. கணுக்கால் வீங்குகிறது. இரவில் படுத்ததும் கால்களிலிருந்த ரத்தமும் நீரும் மார்புக்குத் திரும்புகின்றன. பலவீனமான இதயத்தால் அதைத் தள்ள முடியவில்லை. நுரையீரலில் அழுத்தம் ஏறுகிறது. சந்தில் நீர் கூடுகிறது. 'ஜே' முனைகள் துடிக்கின்றன. தூங்கி ஓரிரு மணி நேரத்தில் மனிதன் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறான். ஜன்னலைத் திறக்கிறான். உட்கார்ந்ததும் ரத்தம் கீழே இறங்குவதால் சற்று ஆறுகிறது.

சிலருக்கு இந்த நிலையில் 'கீச் கீச்' என்று இழுப்புச் சத்தமும் வரும். டாக்டர்கள் இதை இதய ஆஸ்துமா என்பார்கள். சத்தம் ஆஸ்துமா போல, நோய் இதயத்தில். இங்கேதான் ஆபத்து. கடையில் வாங்கும் இழுப்பு மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து இருக்கும். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். வடிய வேண்டிய நீரை இன்னும் தேக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

என்ன செய்ய வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது இருந்தால் நாள் தள்ளாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்:

வழக்கமான வேலைக்கே முன்பு இல்லாத அளவு மூச்சு வாங்குவது. தலையணைகளை அடுக்கிக்கொண்டால்தான் தூங்க முடிவது. இரவில் மூச்சு முட்டி விழிப்பது. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுவது. சில நாட்களுக்குள் உடம்பு எடை மளமளவென்று ஏறுவது.

உட்கார்ந்திருக்கும்போதே திணறல், உதடு நீலம் பாய்தல், நுரையோடு இளஞ்சிவப்பான சளி, நெஞ்சு வலி ஆகியவை வந்தால் அது அவசரம். நோயாளியைப் படுக்க வைக்கக் கூடாது. கால்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார வைத்து, 108-க்குப் போன் செய்ய வேண்டும். பாறசாலையில் தாலுகா தலைமை ஆஸ்பத்திரியும், நெய்யாற்றின்கரையில் ஜெனரல் ஆஸ்பத்திரியும் உள்ளன. மேல் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பிராணவாயு, நீர் பிரியும் மருந்து ஆகியவற்றைக் காலத்தில் கொடுத்தால் பலர் சில மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறார்கள்.

மலையாளம் சரியாகப் பேச வராதே என்று தயங்கிப் பின்வாங்கும் தமிழ்த் தொழிலாளர்கள் உண்டு. மூன்று சொற்கள் போதும். மேல்மூச்சு வாங்குவதற்கு அங்கே "கிதப்பு" என்பார்கள். திணறலுக்கு "ஸ்வாசம் முட்டல்". வீக்கத்துக்கு "நீரு". அவற்றோடு, படுத்தால் அதிகமா, நடந்தால் அதிகமா, எத்தனை நாளாக என்பதையும் சொன்னால் டாக்டருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஒரு நாள் கூலி போய்விடுமே என்று பாரத்தைச் சுமந்துகொண்டே படியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் பணத்தை எதிர்பார்த்து நாலு பேர் காத்திருக்கும்போது அந்த எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் ஒரு நாள் கூலிக்கு அஞ்சி, வருகிற கூலிக்கே உரிய ஆளை இழந்துவிடக் கூடாது. மேஸ்திரிகளும் முதலாளிகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நேற்று வரை நன்றாக வேலை செய்த ஆள் இன்று பாதிப் படியில் உட்காருகிறான் என்றால், அவனைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன்னால் கணுக்காலைப் பார்க்கச் சொல்லுங்கள், இரவில் தூங்கினானா என்று கேளுங்கள்.

ஒற்றை நரம்பிழை பேசுவதைக் கேட்க ஒரு டாக்டர் தம் வாழ்நாளில் பல வருஷங்களைச் செலவழித்தார். அந்த நரம்பு நம் நெஞ்சுக்குள்ளேயே இருந்து பேசும்போது, அதைக் கேட்டு உட்காருவதற்கு நமக்கு ஒரு நிமிஷம் போதும்.